பெரிய த்ராட்டில் பாடி போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

பொள்ளாச்சி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் கேபிள் ஆக்சிலேட்டர் உள்ள சின்ன எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கணக்கிட்டு பெட்ரோலைப் பீய்ச்சும்) கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. மாருதி 800, ஜென், ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காற்று அதிகம் போனால் சக்தி கூடும் என்று, கோவை உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடையில் பெரிய வண்டியின் த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) வாங்கி வந்து மாட்டுகிறார்கள். சிலர் இருப்பதையே லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்குகிறார்கள். ஜென்னுக்கு எஸ்டீம் பாடி தேடுபவர்கள்தான் அதிகம். 993 சிசி ஜி10 இன்ஜினும் 1298 சிசி ஜி13 இன்ஜினும் ஒரே குடும்பம் என்பது காரணம். மாட்டுவது அரை நாள் வேலை. மாட்டிய பிறகு வரும் ஐடிலிங் தொல்லைதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

மின் மோட்டாரால் திறக்கும் புதிய வகை பாடியில் இந்த வேலையே வேண்டாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவின் மென்பொருளைத் திருத்தாமல் அது சேராது. கீழே உள்ளதெல்லாம் கேபிள் வகைக்கு மட்டும்.

பழையதைக் கழற்றும் முன் மூன்று எண்கள்

இதைக் குறிக்காமல் கழற்றிவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை நிறுத்திவிட்டு, ஸ்கேனரில் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜ். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், பெடலை விட்ட நிலையில் ஒன்று, முழுக்க மிதித்த நிலையில் ஒன்று. பெரும்பாலான வண்டிகளில் மூடிய நிலையில் 0.5 வோல்ட்டை ஒட்டியும், முழுத் திறப்பில் 4 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். ஆனால் உங்கள் வண்டிக்கு உங்கள் எண்தான் கணக்கு.

இரண்டாவது, ஐடிலிங் ஆர்பிஎம், அப்போதைய மேப் சென்சார் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள் அழுத்தத்தை அளப்பது) அழுத்தம், ஐடில் கன்ட்ரோல் வால்வு (த்ராட்டில் மூடியிருக்கும்போது ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றை விடுவது) எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. நல்ல நிலையில் உள்ள சின்ன இன்ஜின் 800 முதல் 900 ஆர்பிஎம்மில், 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் மேப் சென்சார் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். பொள்ளாச்சி, ஆழியாறு உயரத்தில் அது 97, 98 கிலோபாஸ்கல் வரும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ஏற்றத்தில், இரண்டாவது கியரில், பெடலை முழுக்க மிதித்து 5000 ஆர்பிஎம் வரும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். வித்தியாசம் 2 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் பழைய பாடியே காற்றை மறிக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பெரிதாக்கி ஒன்றும் கிடைக்காது. 6, 7 இருந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, தூசி இல்லாத ரோட்டில் ஒரே ஒரு தடவை இதே சோதனையைச் செய்யுங்கள். வித்தியாசம் அப்போதே குறைந்துவிட்டால் குற்றவாளி ஃபில்டர். குறையாவிட்டால்தான் த்ராட்டில் பாடியைப் பற்றிப் பேசலாம். அந்த வித்தியாசம் எத்தனை சதவீதமோ, அதிக ஆர்பிஎம்மில் கிடைக்கக்கூடிய கூடுதல் சக்திக்கும் ஏறக்குறைய அதுதான் உச்ச வரம்பு.

இனி மாட்டிய பிறகு வரும் புகார்கள். ஆபத்தானதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

"காலை எடுத்தாலும் வண்டி இழுத்துட்டே போகுதுங்க"

இது சரியாகும் வரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே பட்டர்ஃபிளை (பாடிக்குள் திறந்து மூடும் தகடு) சிக்கினால் யோசிக்க நேரம் இருக்காது.

ஓடும்போது சிக்கினால் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், பிரேக்கை ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் திறந்தே இருக்கும்போது மேனிஃபோல்டில் வேக்கம் (உறிஞ்சும் விசை) இருக்காது. அந்த வேக்கத்தால் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். சாவியை ஒரு படி மட்டும் திருப்பி இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

காரணம் தேடும்போது கேபிளை பாடியிலிருந்து கழற்றிவிட்டு, கேபிள் இழுக்கும் கப்பியைக் கையால் திறந்து விடுங்கள். "டக்" என்று மூட வேண்டும். மூடினால் கோளாறு கேபிளில். புதிய பாடியின் கப்பி பழையதைவிட முன்னேயோ பின்னேயோ இருப்பதால் கேபிள் வளைந்து உராய்கிறது. பிராக்கெட்டை மாற்றி நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். இன்ஜின் மவுண்டில் ஆடும்போது கேபிள் இழுபடாதபடி 2, 3 மி.மீ. தளர்வும் வேண்டும்.

கையால் விட்டும் மெதுவாக மூடினாலோ, கடைசியில் ஒட்டிக்கொண்டாலோ பட்டர்ஃபிளை உரசுகிறது. லேத்தில் போர் செய்த பாடிகளில் இது அடிக்கடி நடக்கும். பட்டர்ஃபிளை முழு வட்டம் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூடும்போது அது துளைக்குச் செங்குத்தாக நிற்பதில்லை, சில டிகிரி சாய்ந்தே நிற்கும். அதனால் அது லேசான நீள்வட்டம். 43 மி.மீ. துளையில் 10 டிகிரி சாய்வில் மூட வேண்டும் என்றால் ஒரு பக்கம் 43 மி.மீ., மறுபக்கம் ஏறக்குறைய 43.7 மி.மீ. விளிம்பும் அதே சாய்வில் சீவப்பட்டிருக்க வேண்டும். வட்டமாக வெட்டிய தகடு செங்குத்தாகப் போய் ஆப்பு மாதிரி இறுகிவிடும். பழைய தகட்டைக் கையில் கொடுத்து, சாய்வை அளந்து வெட்டச் சொல்லுங்கள்.

தகட்டைப் பிடிக்கும் இரண்டு சிறிய ஸ்க்ரூக்களின் நுனி கம்பெனியிலேயே தட்டி மழுக்கப்பட்டிருக்கும். ஒரு தடவை கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள். புது ஸ்க்ரூ, த்ரெட் லாக்கர், அதன் பிறகு நுனியைத் தட்டி மழுக்குவது, மூன்றும் வேண்டும். அது கழன்றால் விழும் இடம் சிலிண்டர்.

"ஐடிலிங் எறங்கவே மாட்டேங்குது, 1500லயே நிக்குது"

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். பெரும்பாலும் தவறாகக் கை வைப்பதும் இங்கேதான். முதலில் ஸ்டாப் ஸ்க்ரூவை (மூடும் தகடு எங்கே நிற்க வேண்டும் என்று தடுக்கும் ஸ்க்ரூ) தேடாதீர்கள்.

கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஆர்பிஎம் இறங்கினால் கேபிள் இறுக்கம், வேலை முடிந்தது.

இறங்கவில்லையா? ஸ்கேனரில் ஐடில் கன்ட்ரோல் வால்வின் நிலையைப் பாருங்கள். அது முழுக்க மூடி, பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது, ஆர்பிஎம் மட்டும் உயரத்தில் நிற்கிறது என்றால் இசியூ தன்னால் முடிந்த அளவு காற்றைக் குறைத்துவிட்டது. காற்று வேறு வழியில் உள்ளே போகிறது. வால்வு நிறையத் திறந்திருந்தால் இசியூவே வேண்டுமென்று ஆர்பிஎம்மை ஏற்றுகிறது: கூலன்ட் சென்சார் இன்ஜினைக் குளிர் என்று காட்டலாம், ஏசி சிக்னல் ஒட்டியிருக்கலாம், இல்லை த்ராட்டில் பொசிஷன் சென்சார் "கால் பெடலில் இருக்கிறது" என்று பொய் சொல்லலாம். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

காற்று வேறு வழியில் போகிறது என்று தெரிந்துவிட்டால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். காற்றின் அளவை மேப் சென்சாரால் கணக்கிடும் வண்டியில், கேஸ்கட் வழியாகப் போகும் கள்ளக் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் தெரிந்துவிடும். இசியூ அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். அதனால் கலவை மெலியாது, ஆர்பிஎம்தான் ஏறும். ஃப்யூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) நன்றாக இருக்கிறது, எனவே லீக் இல்லை என்று முடிவுகட்டுவது இங்கே தவறு. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில்தான் லீக் இருந்தால் ட்ரிம் 15, 20 சதவீதம் ஏறி, கலவை மெலிவு என்னும் பி0171 கோடு வரும்.

லீக்கைத் தேட, சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஸ்ப்ரேயரால் ஃபிளேஞ்ச் (பாடி மேனிஃபோல்டில் அமரும் முகம்) ஓரம், ஹோஸ் முனைகள், பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு இழுப்பது) என்று ஒவ்வொரு இடமாக லேசாகப் பீய்ச்சுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், சத்தம் மாறும், ஆர்பிஎம் ஒரு நொடி இறங்கும். கார்ப் கிளீனரைப் பீய்ச்சுவது பலருக்குப் பழக்கம். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே அது தீப்பிடிக்கும் என்பதால் தண்ணீரே போதும். வயர் கனெக்டர்கள் மேல் படாமல் பாருங்கள்.

ஃபிளேஞ்சில் லீக் என்றால், பாடியைக் கழற்றி கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் எமரி பேப்பரை விரித்துத் தேய்த்துப் பாருங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாகப் படாவிட்டால் முகம் வளைந்திருக்கிறது. கேஸ்கட்டைப் புதிய துளைக்கு ஏற்ப வெட்டுங்கள். அது துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் காற்றை மறிக்கும். துளைக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவே 4, 5 மி.மீ. கூட இல்லாவிட்டால் சீல் நிற்காது. சிலிகான் பேஸ்ட்டைக் கேஸ்கட்டுக்குப் பதிலாக அப்பாதீர்கள். பிதுங்கியது உள்ளே போகும், புளித்த வாடை அடிக்கும் சாதாரண வகை ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்8 போல்ட்டுக்கு 20 ஒட்டி, எதிரெதிர் மூலையாக, இரண்டு தவணையில் இறுக்குங்கள்.

ஃபிளேஞ்ச் சரி, ஹோஸ் சரி என்றால் பாடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மூடிய தகட்டின் ஓரத்தில் மெல்லிய, சீரான கோடு தெரியலாம். பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் தகடு நடுவில் உட்காரவில்லை. ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, தகட்டை இரண்டு மூன்று தடவை மூடித் தானாக உட்கார விட்டு, பிறகு இறுக்குங்கள். ஸ்டாப் ஸ்க்ரூவின் வேலை தகடு துளைச் சுவரில் போய் இறுகாமல் தடுப்பது மட்டும்தான். தகடு முழுக்க மூடியபின், ஸ்க்ரூ நெம்புகோலைத் தொடும் வரை கொண்டுவந்து, அதற்கு மேல் ஒரு துளி மட்டும் முன்னே திருப்பினால் போதும்.

இன்னொன்று. சில பாடிகளில் மெழுகால் இயங்கும் வால்வு இருக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று தந்து, கூலன்ட் சூடேறியதும் மூடும். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்று கூலன்ட் ஹோஸைப் பாடியிலிருந்து விலக்கி நேரே இணைத்துவிடுகிறார்கள். மெழுகு சூடாகாது, வால்வு மூடாது, ஐடிலிங் நாள் முழுக்க உயரத்திலேயே நிற்கும். இந்த வால்வு இல்லாத பாடியில் ஹோஸைச் சுற்றிவிடலாம்.

"ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது"

700க்கும் 1700க்கும் நடுவே ஊஞ்சல். மேலே சொன்ன காற்றுக் கசிவின் மூத்த வடிவம் இது. பெடலில் கால் இல்லை, ஆனால் ஆர்பிஎம் அதிகம் என்றால் வண்டி இறக்கத்தில் போகிறது என்று இசியூ எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழும். கீழ் எல்லைக்கு வந்ததும் பெட்ரோலைத் திறக்கும். கள்ளக் காற்று இன்னும் இருப்பதால் மறுபடி ஏறும். உடனே அடையாளம் காண, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுப் பாருங்கள். சுமை ஏறியதும் ஊஞ்சல் நின்றால் இதுதான். ஐடில் வால்வை மாற்றிப் பணத்தைக் கரைக்காமல், முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

"சிக்னல்ல நிறுத்தினா ஆஃப் ஆயிடுது"

வாளையாறு பக்கம் வண்டிகள் ஊர்ந்து நிற்கும் இடங்களில் இது தெரியும். பெடலை விட்டதும் ஆர்பிஎம் 500க்குக் கீழே விழுந்து அணைகிறது. உக்கடத்தில் வாங்கிய பாடியின் ஐடில் வால்வில் கரி அடைத்திருப்பது முதல் காரணம். வால்வைத் தனியே கழற்றி, பாடியில் உள்ள அதன் துளைகளைத் த்ராட்டில் கிளீனரால் கழுவுங்கள். வால்வின் மோட்டார் பக்கம் கிளீனர் இறங்கக் கூடாது, ஊசியைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது.

அடுத்து, இசியூ பழைய பாடியின் கணக்கிலேயே இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவை 15 நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பெடலைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். அதன்பின் 20, 30 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள்.

பொள்ளாச்சியில் சரியாக நின்று வால்பாறையில் மட்டும் அணைந்தால் பாடியைக் குறை சொல்ல வேண்டாம். சுமார் 1100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 89 கிலோபாஸ்கலை ஒட்டி இறங்கிவிடும். அதே ஐடிலிங்குக்கு வால்வு இன்னும் திறக்க வேண்டும். கீழேயே எல்லை வரை திறந்திருந்த வால்வுக்கு மேலே மிச்சம் இருக்காது.

"தொட்டா குதிக்குது"

40 மி.மீ. துளை 46 ஆனால் பரப்பு 32 சதவீதம் கூடுகிறது. பெடலின் முதல் கால்வாசியில் அதே மிதிக்கு அந்த அளவு அதிகக் காற்று போகிறது. "பிக்கப் சூப்பர்" என்று முதல் நாள் தோன்றுவதும் இதனால்தான். மூன்றாம் நாள் நெரிசலில் கழுத்து வலிப்பதும் இதனால்தான். கப்பியைப் பாருங்கள். ஆரம் சிறிதாக இருந்தால் குறைந்த இழுப்பிலேயே தகடு அதிகம் திறக்கும். ஆரம்பத்தில் ஆரம் பெரிதாகவும் போகப் போகச் சிறிதாகவும் உள்ள முட்டை வடிவக் கப்பி நல்லது.

குதிக்காமல், தொட்டதும் ஒரு நொடி செத்துப்போய் பிறகு எழுந்தால் அது சென்சார் விவகாரம். பழைய எண்களை எடுத்து ஒப்பிடுங்கள். மூடிய நிலையில் பழையது 0.5, இப்போது 0.8 என்றால் இசியூ ஐடிலிங் நிலைக்கே வராது. சென்சாரின் ஸ்க்ரூத் துளை நீளமாக இருந்தால் திருப்பி 0.5க்குக் கொண்டுவாருங்கள். மிதிக்க மிதிக்க வோல்டேஜ் குறைந்தால் அந்த சென்சார் எதிர்த்திசையில் சுழலும் வகை, அல்லது 5 வோல்ட் வயரும் எர்த் வயரும் இடம் மாறியிருக்கின்றன. மூன்று வயரையும் மல்டிமீட்டரால் அடையாளம் கண்ட பிறகே கனெக்டரை மாட்டுங்கள். பி0122 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி0123 என்றால் மிக அதிகம். மெதுவாக மிதிக்கும்போது வோல்டேஜ் ஓரிடத்தில் விட்டுப்போனால் சென்சார் தேய்ந்தது. சுத்தம் செய்து பயனில்லை.

"மாட்டியும் ஒரு மாற்றமும் இல்லீங்க"

ஆரம்பத்தில் குறித்த மூன்றாவது எண்ணை மறுபடி எடுங்கள். மேம்படவில்லை என்றால் பெடலை ஒருவரை முழுக்க மிதிக்கச் சொல்லி, இன்டேக் குழாயைக் கழற்றித் தகட்டைப் பாருங்கள். கேபிளின் இழுப்பு போதாமல் முக்கால்வாசிதான் திறந்திருக்கும், பல வண்டிகளில்.

முழுக்கத் திறந்தால் மேனிஃபோல்டு வாயை அளங்கள். பாடி 46, வாய் 40 என்றால் சுற்றிலும் 3 மி.மீ. படிக்கட்டு நிற்கிறது. காற்று அங்கே மோதும். நீங்கள் பெரிதாக்கியது வீண். மேனிஃபோல்டை இன்ஜினிலிருந்து முழுக்கக் கழற்றி, 25, 30 மி.மீ. ஆழத்துக்குப் படிப்படியாகக் குறையும்படி தேய்த்துச் சரிவாக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே கிரைண்டரைப் போட்டால் அலுமினியத் துகள் வால்வில் போய்ச் சேரும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் இதைச் செய்யாதீர்கள்.

மிக்சர் வகை எல்பிஜி கிட் இருந்தால் எல்லா உழைப்பும் மிக்சரின் துளையோடு முடிந்துவிடும். எரிவாயுவில் ஓடும்போது அதுதான் குறுகிய இடம்.

"மைலேஜ் போச்சு, புகை டெஸ்ட்ல நிக்க மாட்டேங்குது"

கலவை சரியாக இருந்தும் மைலேஜ் குறைந்தால் கால் அதிகம் மிதிக்கிறது. ப்ளக் கரி பிடித்து, ட்ரிம் மைனஸ் 10க்குக் கீழே போய், பி0172 வந்தால் கலவை அடர்த்தி. மேப் சென்சாரின் சிறிய ஹோஸ் பாடியில் எந்த மூக்கில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். தகட்டுக்கு முன்னால் உள்ள மூக்கில் மாட்டினால் சென்சார் எப்போதும் வெளிக்காற்றையே காட்டும், இசியூ பெட்ரோலைக் கொட்டும். தகட்டுக்குப் பின்னால், மேனிஃபோல்டு பக்கம் உள்ள மூக்குதான் சரி.

பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. மூடிய த்ராட்டிலில் எடுக்கும் அளவு என்பதால், துளையின் அளவு இதைக் கெடுக்காது. மேலே சொன்ன கோளாறுகள்தான் கெடுக்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், தயாரிப்பாளரின் அளவிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் தினமும் போய்வரும் வண்டி என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். பழைய பாடியை, சென்சாரும் ஐடில் வால்வும் மாட்டியபடியே, எண்ணெய் தடவி உறையில் கட்டி வையுங்கள். அதற்கான புது கேஸ்கட் ஒன்றையும் அதே உறையில் போடுங்கள்.